பல்லேடியத்தைக் கூட்டினால் மட்டும் உணரி சிறக்காது

உலோக ஆக்சைடு மென்படல வாயு உணரி சரியாக வேலை செய்யவில்லையா? கொஞ்சம் பல்லேடியமோ பிளாட்டினமோ சேர்த்தால் போதும் என்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை. மறுபாதியை மறுத்தே ஆக வேண்டும். சமையல் எரிவாயு கசிந்தால் அலறவேண்டிய அலாரங்கள் பலவற்றுக்குள் இருப்பது இந்த வகை உணரிதான்.

உண்மையான பாதி இது. சூடான டின் ஆக்சைடின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கிறது, மின்தடை ஏறுகிறது. எரியும் வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன, மின்தடை இறங்குகிறது. இதில் பல்லேடியம், பிளாட்டினம் போன்ற வினையூக்கி இரண்டு விதமாக உதவும். பிளாட்டினத் துகள் ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து, அணுக்களை ஆக்சைடின் மேல் பரவவிடும். பல்லேடியமோ காற்றில் தானே ஆக்சைடாகி, அடியிலுள்ள டின் ஆக்சைடின் எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்ளும். வாயு பட்டதும் திருப்பித் தரும். ஜப்பானிய ஆய்வாளர் நொபோரு யமசோயே இவ்விரு வழிகளையும் 1980களிலேயே விளக்கிவிட்டார்.

இனி மறுப்பு. கூடுதலாகச் சேர்த்தால் கூடுதல் பலன் என்பது தவறு. துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தீவுகளாக நிற்கவேண்டும். அவை நெருங்கி இணைந்துவிட்டால் மின்னோட்டம் உலோகத்தின் வழியே பாய்ந்துவிடும். அடியில் ஆக்சைடின் மின்தடை மாறுவது கருவிக்குத் தெரியாது. இணையும் முன்பே இன்னொரு கேடு உண்டு: வாயு மேலேயே எரிந்து தீர்ந்துபோய், படலத்தின் உட்பகுதியை எட்டாமல் போகும். தங்கத்தைப் பாருங்கள். கட்டியாக இருக்கையில் மந்தமான உலோகம். ஆனால் 5 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக, ஏற்ற ஆக்சைடின் மேல் அமர்ந்தால் கார்பன் மோனாக்சைடை அறை வெப்பநிலைக்குக் கீழேயே ஆக்சிஜனேற்றுகிறது. ஆய்வாளர் மசடகே ஹருதா கண்டுகாட்டியது இது. எத்தனை மில்லிகிராம் என்பதைவிடத் துகளின் பருமனும் பரவலுமே முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

வினையூக்கி விரும்பிய வாயுவை மட்டும் இனங்காணும் என்பதும் மிகை. பல்லேடியம் ஹைட்ரஜனையும் எரிக்கும், மதுசார ஆவியையும் எரிக்கும். கைகழுவும் சானிடைசர் ஆவிக்கே அலறும் அலாரத்தை வீட்டார் இரண்டாம் முறை அணைத்துவைத்துவிடுவார்கள். தேர்ந்தறியும் திறன் வேண்டுமானால் வெப்பநிலையைக் கவனமாகத் தேர்வதும், முன்னால் கரி வடிகட்டி வைப்பதும் தேவை.

வினையூக்கி செலவாகாது, அதனால் உணரி நீடிக்கும் என்ற வாதம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. செலவாகாது, சரி, செயலிழக்கும். சிலிக்கோன் பசையிலிருந்து எழும் ஆவி சூடான துகளின் மேல் சிலிக்காவாகப் படிந்து அதை மூடிவிடும். கந்தகச் சேர்மங்கள் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைக்கும். மாதக்கணக்கான சூட்டில் சிறு துகள்கள் ஒன்றுகூடிப் பெரிதாகும். ஆய்வகத்தின் உலர்ந்த காற்றில், புதிய படலத்தில் கிடைத்த உணர்திறனின் உச்ச எண்ணில் இவை எதுவும் தெரியாது. ஈரக்காற்றிலும், மதுசார ஆவி கலந்தபோதும், நெடுநாள் சூட்டுக்குப் பிறகும் கிடைத்த எண்களை அதே அட்டவணையில் தராத ஆய்வை, அலாரம் செய்பவர்கள் ஏற்கக்கூடாது.