கட்டுப்பாட்டறைக்கு எத்தகைய திரை வேண்டும்?

நம் பழைய மாணவருட் பொறியியற்றுறை புகுந்தோர் பலர். அவருட் சிலரேனும் கட்டுப்பாட்டறைக்குத் திரை தெரிந்து வாங்கும் பொறுப்பினை ஏற்க நேரும். ஒரே திரையில் நான்கு, ஒன்பது எனப் பல உள்ளீடுகளை ஒருங்கே காட்டலாம் என்பதே விற்பனையாளர் எடுத்துரைக்கும் முதற்பெருமை. அது பொய்யன்று; எனினும், காட்டக்கூடியன யாவும் காட்டத்தக்கன ஆகா.

1994 ஆம் ஆண்டு யூலை 24 ஆம் நாள், வேல்சு நாட்டின் மில்போட் ஹேவனிலுள்ள ரெக்சாக்கோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திற் பெருவெடிப்பு நேர்ந்தது; 26 பேர் காயமுற்றனர். வால்வு ஒன்று மூடிக்கிடக்க, திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. வெடிப்புக்கு முந்திய ஏறத்தாழ 11 நிமிடங்களில் இயக்குநர் இருவர்முன் 275 அபாய அறிவிப்புகள் வந்து குவிந்தன. அத்தனையையும் படித்துத் தேர்தல் யாரால் இயலும்? ஆலை முழுவதன் நிலையையும் ஒரே நோக்கிற் காட்டும் திரையமைப்பு வேண்டும் என்பது பின்னர் நிகழ்ந்த விசாரணையின் பரிந்துரைகளுள் ஒன்று.

ஆதலின், நடுத்திரை முழுநிலையைக் காட்டுக. ஏனைய உள்ளீடுகள் அழைத்தபோது வந்தாற் போதும். இரவுபகலாக ஓயாது எரியும் இடத்துக்கு வீட்டுத் தொலைக்காட்சி ஆகாது. அசையா எழுத்துகள் அதிற் படிந்துவிடும். மலிவென்று அதனையே வாங்குவோர் இன்றும் உளர்!

கண்காணிப்புக் கமராவுக்கோ இன்னொரு வினா உண்டு. இணைப்பு அறுந்தால் திரை என் செய்யும்? சமிக்ஞை இல்லை என அறிவிப்பின் நன்று. இறுதிப் படத்தையே உறையவைத்துக் காட்டுமாயின், கள்வர் புகுந்த பின்னரும் வாயில் அமைதியாகவே தோன்றும். வாங்குமுன் கம்பியைக் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். அவ்வேளை, இரவிற் பணிபுரியும் இயக்குநர் ஒருவரையும் உடனழைத்துச் செல்லுங்கள்.