நுண்ணுயிர் நிபுணர் மகாநாடு

1938-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய நுண்ணுயிரியலார் சங்கத்தின் வருஷாந்தர மகாநாடு கூடும் காலம் நெருங்குகிறது. தேசத்தின் பல பாகங்களிலுமிருந்து சர்வகலாசாலை ஆசிரியர்களும், ஆராய்ச்சி மாணவர்களும், ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலைகளில் உழைப்பவர்களும் ஓரிடத்தில் கூடி, தாங்கள் கண்டவற்றை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கப் போகிறார்கள். அரசியல் மகாநாடு என்றால் பத்தி பத்தியாக எழுதும் பத்திரிகைகள் இத்தகைய கூட்டத்துக்கு நாலு வரி ஒதுக்குவதே அதிகம். பொது ஜனங்களும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிப் பண்டிதர்கள் பேசிக்கொள்வதில் நமக்கென்ன என்று இருந்து விடுகிறார்கள். இந்த அலட்சியம் தவறென்பது நமது அபிப்பிராயம். சட்டசபைகளில் நடைபெறும் வாதங்கள் பலவற்றைவிட இம்மகாநாட்டின் வாதங்கள் ஏழைக் குடும்பங்களின் ஆயுளோடு நெருங்கிய சம்பந்தமுடையவை.

நுண்ணுயிர் சாஸ்திரம் நமது நாட்டுக்கு அந்நியமான சரக்கன்று. 1897-ல் பம்பாயில் பிளேக் நோய் மனிதரை வாரிக்கொண்டு போன சமயத்தில், ஹாஃப்கின் என்ற அறிஞர் அந்நகரிலேயே அதற்குத் தடுப்பு மருந்து தயாரித்து, முதல் ஊசியைத் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். 1959-ல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற வங்காளி வைத்தியர், காலராக் கிருமி நேரே குடலைத் தின்று மனிதனைக் கொல்வதில்லை, அது கக்கும் ஒரு நஞ்சே உடலிலுள்ள நீரையெல்லாம் வெளியேற்றுகிறது என்பதை முயலின் குடலில் சோதித்து நிரூபித்தார். உலகமே தேடிக்கொண்டிருந்த உண்மை அது. 1978-ல் நோபெல் ஸ்தாபனத்தார் நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்துக் கௌரவித்தார்கள். சொந்த தேசத்திலோ, 1985-ல் அவர் காலமாகும் வரையில் பெரிய விருதொன்றும் அவரை நாடி வரவில்லை.

நம் சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தார், சானடோரியத்தில் சேர்த்துப் போஷாக்கான ஆகாரமும் பூரண ஓய்வும் கொடுத்து வைத்தியம் செய்யப்பட்டவர்களையும், நெருக்கடியான குடிசையிலிருந்தபடியே மருந்து உட்கொண்ட ஏழைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்தை முறையாக உட்கொண்டால் இருவருக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றே என்றும், வீட்டிலிருப்போருக்கு அதனால் தொற்று அதிகமாவதில்லை என்றும் அவர்கள் வெளியிட்ட முடிவு, உலகமெங்கும் க்ஷயரோக வைத்திய முறையையே மாற்றிவிட்டது. தமது ஊரின் நோயைத் தமது ஊரிலேயே கண் திறந்து பார்த்தவர்கள் உலகத்துக்கு வழிகாட்டினார்கள் என்பதே இதிலுள்ள பாடம்.

இப்பொழுது நாட்டை எதிர்நோக்கியிருக்கும் அபாயமும் அவ்விதமே நாமே கண் திறந்து பார்க்க வேண்டிய ஒன்று. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-ல் நோபெல் பரிசு பெற்ற சமயத்திலேயே, மருந்தைப் போதிய அளவுக்குக் குறைவாக உபயோகித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. மருந்து பட்டவுடன் நலிந்த கிருமிகள் மடிகின்றன. எதிர்த்து நிற்கும் சக்தியுள்ள சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அத்துடன் நில்லாமல், அந்தச் சக்தியை ஓரினக் கிருமி வேறோர் இனத்துக்கும் கைமாற்றிவிடுகிறது. இப்படி ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளாலேயே 2019-ம் வருஷத்தில் மாத்திரம் உலகில் சுமார் 12 லக்ஷத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று 2022-ல் வெளியான சர்வதேச ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டிருக்கிறது. பிரசவம், அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகிய அனைத்தும் இந்த மருந்துகளை நம்பியே நடைபெறுகின்றன. மருந்து பொய்த்தால் நவீன வைத்தியத்தின் அஸ்திவாரமே பெயர்ந்துவிடும். உலகின் க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பாகத்தினரைத் தன்னிடம் வைத்திருக்கும் தேசத்துக்கு இது எத்தகைய ஆபத்து என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

இவ்விஷயத்தில் நாம் ஒரு காலத்தில் நடந்துகொண்ட விதத்தை மறைப்பதில் பயனில்லை. மிகவும் வீரியமுள்ள மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் ஒரு ஜீனைப் பற்றி 2010-ல் லண்டன் வைத்தியப் பத்திரிகையொன்றில் கட்டுரை வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைச் சர்வகலாசாலை ஆராய்ச்சி மாணவர். ஆனால் அந்த ஜீனுக்கு டில்லி நகரின் பெயர் சூட்டப்பட்டிருந்ததால், தேசத்தின் கீர்த்திக்குக் களங்கம் ஏற்பட்டதென்று பெரிய கூக்குரல் எழுந்தது. பெயர் சூட்டியது தவறென்று கண்டித்ததில் நியாயம் இருந்தது. ஒரு நகரத்தையோ ஜனங்களையோ வியாதியின் பெயரால் குறிப்பது தகாது. ஆயினும் பெயரைப் பற்றிய கோபத்தில் பொருளை மறந்துவிட்டோம். அடுத்த வருஷமே டில்லியில் எடுத்துச் சோதித்த 171 தேங்கு நீர் மாதிரிகளில் 51-லும், 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும் அதே ஜீன் இருப்பதாகத் தெரிய வந்தது. தேசாபிமானம் என்பது அந்நியர் வாயை அடைப்பதன்று. நமது குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்வது.

அதன் பிறகு நல்ல முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. 2012-ல் சென்னையில் கூடிய வைத்திய சங்கத்தார், பூரணமான திட்டத்துக்காகக் காத்திராமல் அமுலுக்குக் கொண்டு வரக்கூடிய திட்டத்தை உடனே வகுக்க வேண்டுமென்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 2014 முதல், சில ஆன்டிபயாடிக்குகளை விற்கும் மருந்துக் கடைக்காரர் வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் புத்தகத்தில் பதிய வேண்டுமென்ற விதி ஏற்பட்டது. 2019-ல், மனிதருக்குக் கடைசி ஆயுதமாக உள்ள கோலிஸ்டின் மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்கலாகாதென்று மத்திய சர்க்கார் தடுத்தார்கள். கேரள ராஜ்யத்தார் 2018-லேயே தங்களுக்கென்று தனித் திட்டம் வகுத்து முன்னே சென்றார்கள். காகிதத்திலே குறைவில்லை. கடையிலே சீட்டில்லாமல் மருந்து கிடைக்கும் நிலை மாத்திரம் இன்னும் ஒழியவில்லை.

அப்படியானால் கடைக்காரரைத் தண்டித்து, சீட்டில்லாத விற்பனையை ஒரே நாளில் அடியோடு நிறுத்திவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கக் கூடும். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. கிராமத்தில் குழந்தைக்கு ஜுரம் கண்ட தாய் மருந்துக் கடைக்கு ஓடுவது அறியாமையால் மட்டுமன்று. டாக்டர் பல மைலுக்கு அப்பால் இருக்கிறார். அவரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். தகுந்த மருந்து தகுந்த வேளையில் கிடைக்காமல் சாகிற ஏழைகளும் உலகில் லக்ஷக்கணக்கில் இருக்கிறார்கள். வைத்தியரை அருகில் கொண்டு வராமல் கடைக் கதவை மாத்திரம் அடைப்பது, பஞ்ச காலத்தில் அதிகம் உண்ணாதே என்று உபதேசிப்பதற்கு ஒப்பாகும். வைத்தியர் இருக்கும் இடத்திலும், எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கல்ச்சர் பரிசோதனை செய்து சொல்ல ஆளும் சாதனமும் இல்லாவிட்டால், அவரும் இருட்டில் அம்பெய்கிறவரே. இன்று தேசத்தில் தொகுக்கப்படும் கணக்குகளும் பெரும்பாலும் பெரிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து வருபவை. தாலுகா ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறதென்பதை அவை கூறுவதில்லை.

ஏழைத் தாயின் மீது சட்டம் பாயுமுன் பாய வேண்டிய இடம் வேறொன்றுண்டு. 2007-ல் ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்சேருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளிவந்த நீரைச் சோதித்தபோது, சிப்ரோஃப்ளாக்ஸஸின் என்ற மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரையில் இருக்கக் கண்டார்கள். நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவையும் மிஞ்சியது இது. கிருமிகளுக்கு எதிர்ப்புப் பயிற்சி அளிக்க இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேண்டுமா? தொழிற்சாலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குகள் இன்ன அளவுக்கு மேல் இருக்கலாகாதென்று 2020-ல் மத்திய சர்க்கார் நகல் விதிகள் பிரசுரித்தார்கள். 2021-ல் முடிவான விதிகள் வெளிவந்தபோது அந்த வரம்புகளைக் காணோம்! முதலாளிகளின் சௌகரியத்தை முன்னிட்டு ஜனங்களின் ஆரோக்கியத்தைப் பின் தள்ளுவது சுயராஜ்யத்துக்கு அழகன்று. மலிவான மருந்தை உலகத்துக்கு அளிப்பது நமக்குப் பெருமையே. அதன் கழிவை நமது ஏரிகளுக்கு அளிப்பது பெருமையாகாது.

ஆகவே, கூடவிருக்கும் நிபுணர்களுக்கு நாம் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். முதலாவது, ஜில்லாதோறும் ஒரு நல்ல நுண்ணுயிர்ப் பரிசோதனைச் சாலையும் அதில் நிரந்தர உத்தியோகமுள்ள நிபுணரும் இருக்க வேண்டுமென்று அவர்கள் ஒருமுகமாகத் தீர்மானம் செய்து, சென்ற வருஷத்தைவிட இவ்வருஷம் எத்தனை ஜில்லாக்களில் அது நிறைவேறிற்று என்று மகாநாடுதோறும் கணக்குக் கேட்க வேண்டும். இரண்டாவது, கைவிடப்பட்ட கழிவுநீர் வரம்புகளைத் திரும்பவும் விதிகளில் சேர்க்குமாறு பகிரங்கமாகக் கோர வேண்டும். சாஸ்திர அறிவுள்ளவர்கள் மௌனம் சாதித்தால் அறிவில்லாதவர்களைக் குறை கூறுவதில் அர்த்தமில்லை. மூன்றாவது, மகாநாட்டின் முடிவுகளைத் தேச பாஷைகளில் சுருக்கமாக வெளியிட வேண்டும். ஜலதோஷத்துக்கும் சாதாரண ஃப்ளூ ஜுரத்துக்கும் காரணமான வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்ற ஓர் உண்மையைத் தமிழில் ஆயிரம் கிராமங்களுக்கு எட்டச் செய்தால், இங்கிலீஷில் வாசிக்கப்படும் நூறு கட்டுரைகளைவிட அதிக நன்மை விளையும். தமிழில் இவற்றைச் சொல்ல முடியாதென்பது சொல்ல முயலாதவர்களின் சாக்கு.

நமது நேயர்களுக்கும் ஒரு பொறுப்புண்டு. உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் கல்ச்சர் பரிசோதனை நடக்கிறதா, முடிவு எத்தனை நாளில் வருகிறது, இல்லையெனில் ஏன் இல்லை என்று உங்கள் பிரதிநிதியைக் கேளுங்கள். சாலைக்கும் பாலத்துக்கும் மனுக் கொடுப்பவர்கள் இதற்கும் ஒரு மனுக் கொடுக்கலாம். சம்பு நாத் டே தமது பரிசோதனைக்குப் பெரிய யந்திரங்களை நாடவில்லை. தம் நகரத்து ஜனங்கள் ஏன் சாகிறார்கள் என்ற கேள்வியை அவர் விடாமல் கேட்டார். அந்தக் கேள்வியை மகாநாட்டு மண்டபத்தில் நிபுணர்களும், வெளியே ஜனங்களும் ஒருமிக்கக் கேட்பார்களானால், சர்க்கார் பதில் கூறாமல் இருக்க முடியாது.