ஸ்பீக்கர் பெரிதா, வீடு பெரிதா?



பசறைப் பக்கம் தோட்டத்தை ஒட்டிய கடைவீதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் ஆறு வருடம் கத்தாரில் உழைத்துவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் அதற்கு ஓர் அம்ப்ளிபயரும் வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். நான்கு இலட்சத்துக்கு மேல் விலை. “கூரைத் தகரம் ஓட்டை. ஒக்டோபர் மழை வரப்போகிறது. நான் வாய் திறந்தால் ‘உனக்கு இதெல்லாம் விளங்காது’ என்கிறார். ஹஸ்ரத், நீங்களாவது விளங்கப்படுத்துங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

விளங்காத பெரிய விஷயம் இதில் ஒன்றுமில்லை, சகோதரி. நான் ஓதிய காலத்தில் மத்ரஸாவின் மைக் செட் என் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு விழாவுக்கு நாலு ஸ்பீக்கரின் வயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரே அம்ப்ளிபயரில் கொடுத்தேன். கிராஅத் முடியுமுன் புகை வந்துவிட்டது! உஸ்தாத் ஏசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஏன் புகைந்தது? ஸ்பீக்கரின் பின்தட்டில் 8 ஓம், 4 ஓம் என்று எழுதியிருக்கும். அது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை. தடை குறையக் குறைய, அகலமான குழாயில் தண்ணீர் பாய்வதுபோல, அம்ப்ளிபயரிலிருந்து அதிக மின்னோட்டம் இழுபடும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம். நாலை இணைத்தால் 2 ஓம். நான் வைத்திருந்தது 4 ஓமுக்குக் கீழே தாங்காத பெட்டி. அம்ப்ளிபயரின் பின்பக்கத்தில் எத்தனை ஓம் வரை என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்பீக்கரின் ஓம் அதைவிடக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது வொட். கடைக்காரர் “ஆயிரம் வொட்” என்பார். பெட்டியில் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்றிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண்ணைக் கேளுங்கள். அது முப்பதோ நாற்பதோதான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நடுத்தர அறையில் நாம் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு ஒரு வொட்டே பெரும்பாலும் போதும். மிச்சமெல்லாம் திடீரென்று எழும் சத்தங்களுக்கான கையிருப்பு.

ஆனால் எல்லா ஸ்பீக்கரும் ஒரு வொட்டுக்கு ஒரே அளவு சத்தம் தராது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரு வொட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அந்தக் கணக்கு. 1970களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வான்களின் நெருக்கடிக்குள் வைக்க ஒரு குட்டி ஸ்பீக்கரை அமைத்தது. எல்.எஸ். 3/5ஏ என்று பெயர். உயரம் ஓரடி. அதன் அளவு ஏறத்தாழ 83 டெசிபல். அமெரிக்காவில் போல் கிளிப்ஷ் என்பவர் 1946இல் விற்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹோர்ன், அறையின் மூலையில் வைக்கவென்றே செய்த அலுமாரி போன்ற பெட்டி. அதற்கு ஏறத்தாழ 105 என்கிறார்கள். பத்து டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வொட் வேண்டும். ஆகவே பெரியது ஒரு வொட்டில் போடும் சத்தத்துக்குச் சின்னது நூறு வொட்டுக்கு மேல் கேட்கும். அவ்வளவை அது தாங்கவும் மாட்டாது. இருந்தும், மனிதக் குரலின் தெளிவுக்காக அந்தக் குட்டிப் பெட்டியை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: “அம்ப்ளிபயர் சின்னதென்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை.” இல்லை. சின்ன அம்ப்ளிபயரை முழுதாகத் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். கரகரப்பு வரும். அந்தக் கரகரப்பு, உச்சக் குரல் தரும் சின்ன ஸ்பீக்கருக்குள் தலைமயிர்போல் இருக்கும் கம்பிச்சுருளைப் பொசுக்கிவிடும். கரகரத்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

இனி அறைக்கு வருவோம். சகோதரி தன் முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்கிறார். நம் லயன் காம்பறாக்களின் அளவும் அநேகமாக அதுதான். சீமெந்துச் சுவர், மேலே தகரம், பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். ஆள் பாதி உயர ஸ்பீக்கரை இதற்குள் மூலையில் வைத்தால் அடித்தொண்டைச் சத்தம் ‘பூம் பூம்’ என்று தேங்கி நிற்கும். ஓதுபவரின் ‘ஹா’வுக்கும் ‘ஹ’வுக்கும் வித்தியாசம் தெரியாது. தரையில் ஒரு கம்பளம், யன்னலில் தடித்த திரை, ஸ்பீக்கர் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி: இதற்குச் செலவு கொஞ்சம், பலன் அதிகம்.

பக்கத்து வீட்டாரையும் மறக்கலாகாது. வெலிகமையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கொன்றில்தான், 2007 நவம்பரில் நம் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அது பொது இடத்துக்கான தீர்ப்பு. ஆனால் லயத்துச் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் கொழுந்து பறிக்கும் தாய்க்கு எந்தச் சத்தமும் ஒன்றுதான். அவள் விடிய எழும்ப வேண்டியவள்.

கணவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆறு வருடம் எட்டுப் பேர் படுக்கும் அறையில், காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்ட மனிதர். சொந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க ஆசைப்படுகிறார். ஆகவே “வேண்டாம்” என்று சொல்லாதீர்கள், சகோதரி. “சின்னதாக வாங்குவோம்” என்று சொல்லுங்கள். மேசையில் வைக்கும் ஒரு ஜோடி, 8 ஓம், 86 அல்லது 87 டெசிபல், ஆர்.எம்.எஸ். கணக்கில் 40 வொட் அம்ப்ளிபயர். அந்த அறைக்கு அது தாராளம். அவருக்குப் பழகிய ஓர் ஓதலைக் கடைக்குக் கொண்டுபோய், அதைப் போட்டுக் கேட்ட பிறகு காசைக் கொடுக்கட்டும். நீங்களும் கூடப் போங்கள். உங்கள் காதும் அவர் காதைப்போல் கேட்கும் காதுதான்.

போகுமுன் தகரம் மாற்றுபவரிடம் கூரைக் கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை முதலில் எடுத்து வையுங்கள். மழைத் தண்ணீர் சொட்டும் அறையில் எந்த அம்ப்ளிபயரும் நிலைக்காது என்று சொன்னால், அவரால் மறுக்க முடியாது. நம் பதுளைப் பக்கம் பின்னேரத்தில் இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதையும் வீட்டில் ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியபின் அம்ப்ளிபயரின் பின்தட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.