மாத்திரையோடு இரண்டு கேள்விகள்

“உடம்பெல்லாம் வலி. ராத்திரி தூக்கமே இல்ல. சோறு இறங்க மாட்டேங்குது.” ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதியவர்கள் அன்றாடம் சொல்லும் குறைகள் இவை. வலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று சீட்டு எழுதப்படுகிறது. மனசு சரியில்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வது அரிது. நீண்ட வரிசைக்கு நடுவே அதைக் கேட்க மருத்துவருக்கு நேரமும் இல்லை. வீட்டிலோ, “வயசானா அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த மௌனத்தின் அளவை, முதுமை குறித்த மத்திய அரசின் லாசி ஆய்வு (2017-18) காட்டியது. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்றது அது. தங்களுக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்றவர்களோ 0.8 சதவீதம்தான். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்த தமிழ்நாட்டுக்கு இது அவசரப் பிரச்சினை. 2021-ல் 13.6 சதவீதமாக மதிப்பிடப்பட்ட அவர்களின் பங்கு, 2031-ல் 18.2 சதவீதத்தைத் தொடும் என்கிறது அரசின் கணிப்பு.

மனநலச் சிகிச்சையை உரிமையாக்கிய சட்டம் 2017-லேயே வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. ஆனால், மனநல மருத்துவர் வரும் நாளைத் தெரிந்துகொண்டு, பேருந்து ஏறி, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியையும் இழந்துதான் அவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் நல்ல ஏற்பாடு. ஆனால், காது மந்தமானவர், மருமகள் அருகிலிருக்கும் ஒற்றை அறை வீட்டில் எதை மனம்விட்டுப் பேசுவார்?

வீடு தேடிச் செல்லும் வழி நம்மிடமே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். அவர்கள் இரண்டே கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும்: “ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருக்கா பாட்டி? மனசு சோர்ந்தே கிடக்கா?” ஆம் என்றால், அந்தப் பெயர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போக வேண்டும்.

பயிற்சி பெற்ற சாதாரண மக்களால் இது முடியும் என்பதற்குக் கோவா சாட்சி. அங்கு, மனச்சோர்வின் லேசான அறிகுறிகள் கொண்ட 181 முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மருத்துவர் அல்லாத ஆலோசகர்கள், பிரச்சினைகளைப் படிப்படியாகத் தீர்க்கவும் தூக்கத்தைச் சீராக்கவும் அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றனர். ஓராண்டில் அவர்களில் 4.4 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு நோய் முற்றியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 14.4 சதவீதம். 2019-ல் வெளியான முடிவு இது.

தன்னார்வலர்களின் தலையில் இன்னொரு சுமையா என்ற கேள்வி நியாயமானது. வேலை கூடினால் ஊக்கத்தொகையும் கூட வேண்டும். பார்க்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். கண்டறிந்த பின் கைவிடுவது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை என்பதால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சியும், மனச்சோர்வுக்கான மருந்து இருப்பும் கட்டாயம். தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் எழுதித் தரும் பழக்கமும் ஒழிய வேண்டும். அந்த மயக்கத்தில் நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகும் முதியவர்கள் உண்டு.

மனச்சோர்வு சிகிச்சையால் குணமாகும் நோய். அதை முதுமையின் இயல்பு என்று தள்ளிவிடுவது, குணமாகக்கூடியவருக்கு மருத்துவத்தை மறுப்பதாகும். ஒரு மாவட்டத்தில் இந்த ஆண்டே தொடங்கி, கிடைக்கும் பாடத்தோடு மாநிலம் முழுவதற்கும் விரிக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு வாசல்வரை வரும் அரசு, மனத்துக்காகவும் வர வேண்டும்.