"பரவிட்டாம்" என்றதும் கதவைச் சாத்தி விடாதீர்கள்



போன வாரம் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தான். "சேர், உம்மாக்கு சுவாசப்பையிலயும் பரவிட்டாம். இனி ஒண்டும் செய்ய வேணாம், ஊட்டுல வெச்சிப் பாப்பம் எண்டு மாமாமார் சொல்றாங்க" என்றான். உம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பெருங்குடலில் ஒப்பரேஷன் நடந்தது. இப்போது இடது நுரையீரலில் இரண்டு சின்னக் கட்டிகள்.

"டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்ட கொண்டு வரச் சொன்னார். நாங்க இன்னும் போகல்ல சேர்."

வைத்தியர் வாய் திறக்க முன்னமே தீர்ப்புச் சொல்லியாயிற்று. சொன்னவர்கள் நாம்.

இதே பிழையைச் செய்தவன் என்பதால்தான் எழுதுகிறேன். என் சாச்சாவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் போனபோது, ஒரு மஃரிபுக்குப் பிறகு ஆண்கள் நாலுபேர் கூடி இருந்து "இனி அவரைக் கஷ்டப்படுத்த வேணாம்" என்று முடிவெடுத்தோம். அவரிடம் சொல்லவும் இல்லை, கிளினிக்குக்குக் கொண்டு போகவும் இல்லை. மூச்சு முட்டத் தொடங்கிய பிறகு கொண்டு போனோம். அப்போது இரண்டு பக்கமும் நிறையக் கட்டிகள். முன்னமே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் நாங்கள் கேட்கவே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

உடம்பைச் சுற்றி வரும் இரத்தம் எல்லாம் நுரையீரலின் நுண்ணிய குழாய்களைக் கடந்துதான் திரும்புகிறது. அதனால் குடல், சிறுநீரகம், மார்பு, எலும்பு என்று எங்கே தொடங்கிய புற்றுநோயும் அங்கே தங்கலாம். அப்படித் தங்கியது எல்லாமே முடிவு அல்ல. 1933இல் அமெரிக்காவில் சேர்ச்சில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சிறுநீரகப் புற்றுநோய் பரவிய ஒரு நோயாளியின் நுரையீரல் பகுதியை அகற்றினார். அந்த நோயாளி அதற்குப் பிறகு 20 வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, இருதய நோயில்தான் மௌத்தானார்.

அந்தக் காலத்தில் விலா எலும்புகளை விரித்து நெஞ்சைத் திறக்க வேண்டும். இன்று பலருக்கு அது தேவையில்லை. விலா எலும்புகளுக்கிடையே ஒன்றோ சிலவோ சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கெமராவை விட்டு, அந்தப் பக்கத்து நுரையீரலைச் சுருங்க வைத்து, கட்டியுள்ள துண்டை மட்டும் வெட்டித் தைத்து எடுக்கிறார்கள். வலி குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஒரு குறை உண்டு. ஸ்கேனில் தெரியாத சின்னக் கட்டியைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சிலருக்கு இன்றும் திறந்துதான் செய்வார்கள்.

இது எல்லோருக்குமான சிகிச்சையும் அல்ல. முதல் கட்டி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வேறெங்கும் கட்டுப்படுத்த முடியாதபடி பரவியிருக்கக் கூடாது. எல்லாக் கட்டிகளையும் எடுத்த பிறகும் மூச்சு விடப் போதிய நுரையீரல் மிஞ்ச வேண்டும். 1997இல் வெளியான பெரிய சர்வதேசப் பதிவேட்டில் 5,206 பேரின் விபரம் இருக்கிறது. கட்டிகள் முழுமையாக அகற்றப்பட்டவர்களில் 36 வீதமானோர் 5 வருடங்களின் பின்னும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட நோயாளிகள். குடல் புற்றுநோய் பற்றிப் பிரித்தானியாவில் தொடங்கிய ஓர் ஆய்வில், ஒப்பரேஷன் செய்யாத பிரிவிலும் எதிர்பார்த்ததை விடக் கூடுதலானோர் வாழ்ந்தார்கள். ஆகவே ஒப்பரேஷன் செய்தால் சுகம் நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. செய்யலாமா வேண்டாமா என்பதை வைத்தியர்கள் பார்த்துச் சொல்லட்டும், நமது ஹோலில் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.

"கத்தி பட்டால் பரவும்" என்று சுகம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்வதை நம்பி எத்தனை பேர் பின்வாங்குகிறார்கள்! இன்னும் சிலர் காணியை விற்று இந்தியாவுக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் மஹரகமவில் கேட்டுப் பாருங்கள். வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது, நெஞ்சறைச் சத்திரசிகிச்சை அங்கே நடக்கிறது. இரண்டும் அரச வைத்தியசாலைகள்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை இவைதான்: இதை வெட்டி எடுக்கலாமா? துளை வழியாக முடியுமா? நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கேனைப் பார்த்தாரா? எடுக்காவிட்டால் வேறென்ன வழி? "முடியாது" என்று பதில் வந்தாலும் அது அறிந்தவர் சொன்ன பதிலாக இருக்கும். பொறுமை கொள்வதற்கும் அது இலகு.

அதை விட முக்கியம், நோயாளியிடம் மறைக்காதீர்கள். உடம்பு அவருடையது.

அந்த மாணவன் நேற்று கோல் எடுத்தான். கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். "எனக்கு ஒப்பரேஷன் செய்ய ஏலுமா டொக்டர்?" என்று உம்மாவே கேட்டாவாம். நிபுணரிடம் காட்டக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் தெரியாது.

அந்தத் தாய்க்காக துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் ஒரு ரிப்போர்ட் திறக்காமல் கிடந்தால், நாளைக்கே எடுத்துக் கொண்டு போங்கள்.