இரண்டும் ஓடும் பெட்டி வந்தால் சண்டை தீருமா?

2007 தீபாவளிக்கு முன்பு எங்கள் வீட்டுக்குப் புதிய எல்சிடி தொலைக்காட்சி வந்தது. அதைச் சுவரில் மாட்டிய அன்று இரவே அப்பா அடுத்த கேள்வியைத் தொடங்கிவிட்டார். "இவ்வளவு பெரிய டிவியில பழைய டிவிடியைப் போட்டா மங்கலாத் தெரியுது. புது டிஸ்க் ஒன்னு வந்திருக்காமே, அதுக்கும் ஒரு பெட்டி வாங்கிடலாமா?"

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்தால் எந்தப் பெட்டி என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புது வட்டு ஒன்றல்ல, இரண்டு என்று அப்பாவுக்கு விளக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. தோஷிபா முன்னின்று நடத்திய எச்டி டிவிடி ஒரு பக்கம். சோனி, பானாசோனிக், பிலிப்ஸ் போன்றவை சேர்ந்து கொண்டுவந்த ப்ளூ-ரே இன்னொரு பக்கம். இரண்டும் 2006ஆம் ஆண்டில் கடைக்கு வந்தவை. இரண்டிலும் படம் 1080 வரிகளில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒன்றின் வட்டு மற்றதன் கருவியில் ஓடாது.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் ஓடுற பெட்டி இல்லையா? அதை வாங்கிட்டா யார் ஜெயிச்சா நமக்கென்ன?"

நியாயமான கேள்வி. கல்லூரியில் என் நண்பர்கள் பாதிப் பேர் இதையேதான் சொன்னார்கள். சிம் லிம் ஸ்கொயரில் ஏறி இறங்கியபோது கடைக்காரர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு வட்டும் ஓடும் கருவி மலிவாகிவிட்டால் சண்டை தானாக அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. நான் அப்பாவை வாங்கவிடவில்லை. 2008 பிப்ரவரி 19ஆம் தேதி எச்டி டிவிடியைக் கைவிடுவதாகத் தோஷிபா அறிவித்த பிறகு வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் நான் ஜோசியம் சொல்லவில்லை. இந்தச் சண்டையை எந்த ஒரு பெட்டியாலும் தீர்த்திருக்க முடியாது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், எதிர்த்தரப்புக்கு இருக்கும் நல்ல சாட்சியை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் ஓடும் கருவி சமாதானம் செய்த கதைகள் உண்டு. நம் கணினியில் இருந்த டிவிடி எழுதும் கருவியையே பாருங்கள். நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் காலி வட்டு வாங்கப் போனால் 'கூட்டல்' வேண்டுமா, 'கழித்தல்' வேண்டுமா என்று கேட்பார்கள். டிவிடி பிளஸ் ஆர், டிவிடி மைனஸ் ஆர் என்று இரண்டு முகாம்கள் இருந்தன. தவறானதை வாங்கி வந்தால் கணினி அதைத் துப்பிவிடும். 2002இல் சோனி இரண்டையும் எழுதும் ஒரே கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்று அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லை. எந்தப் பக்கமும் தோற்கவில்லை, சண்டை மட்டும் காணாமல் போய்விட்டது.

இன்னும் பின்னால் போனால் இசைத்தட்டு. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்றும் நீண்ட இசைத்தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஆர்சிஏ விக்டர் 45 சுற்றுத் தட்டோடு எதிரே வந்து நின்றது. வேகத்தை மாற்றிக்கொள்ளும் கருவிகள் வீடுகளுக்கு வந்தன. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950இல் ஆர்சிஏவே நீண்ட இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கியது. கொலம்பியாவும் பின்னர் 45இல் இறங்கியது. நீண்ட தொகுப்புக்கு ஒன்று, தனிப் பாட்டுக்கு ஒன்று என்று பங்கு பிரிந்தது. பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பிடிவாதத்தை விட்ட பிறகுதான் வேகம் மாற்றும் கருவிக்கு முழுப் பயன் கிடைத்தது.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. காலி வட்டில் எழுதப் போவது நம் சொந்தப் படங்களும் கோப்புகளும். அதை இந்த வட்டில்தான் எழுத வேண்டும் என்று யாரும் நமக்குக் கட்டளை போட முடியாது. திரைப்படம் அப்படியல்ல. 2007ஆம் ஆண்டு முழுதும் சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் படங்கள் ப்ளூ-ரேயில் மட்டும் வந்தன. யுனிவர்சல் படங்கள் எச்டி டிவிடியில் மட்டும். பாரமவுண்ட் இரண்டிலும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் திடீரென்று எச்டி டிவிடி மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. வார்னர் பிரதர்ஸ் மட்டும் இரண்டு படகிலும் கால் வைத்திருந்தது. சண்டை நம் வீட்டு வரவேற்பறையில் நடக்கவில்லை, படக்கம்பெனிகளின் அலுவலகத்தில் நடந்தது. வரவேற்பறையில் ஒரு பெட்டியை வைத்து அதை எப்படித் தீர்ப்பது?

சரி, தீர்க்காவிட்டாலும் நமக்குத் தொல்லை இல்லாமல் செய்திருக்குமே என்று கேட்கலாம். இரண்டும் ஓடும் கருவி உண்மையில் எப்படி இருந்தது என்று பார்ப்போம். 2007 ஜனவரியில் எல்ஜி முதல் கருவியை அறிவித்தது. அமெரிக்காவில் விலை 1,199 வெள்ளி. எச்டி டிவிடி வட்டைப் போட்டால் படம் ஓடும். ஆனால் அந்த வட்டுக்கே உரிய திரைப்பட்டியலும் கூடுதல் அம்சங்களும் சரியாக வராது. அதனால் எச்டி டிவிடி முத்திரையைக்கூட அதன் மேல் போட முடியவில்லை. இதைவிட வேடிக்கை, சாதாரணப் பாட்டு சிடி அதில் ஓடாது. ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய பெட்டியில் பாட்டுக் கேட்க முடியாது என்றால் எங்கள் அம்மா அதை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

ஆண்டு இறுதியில் சாம்சுங்கும் எல்ஜியும் குறைகளைச் சரிசெய்து கருவிகளை வெளியிட்டன. எல்ஜியின் இரண்டாவது கருவி ஏறக்குறைய 1,000 அமெரிக்க வெள்ளி. அதே நவம்பர் மாதம் அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் தோஷிபாவின் எச்டி டிவிடி கருவி ஒன்று 100 வெள்ளிக்கும் குறைவாக விற்றது. ப்ளூ-ரே வட்டும் ஓடக்கூடிய பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியின் அப்போதைய புதிய வகை 399 வெள்ளி. கூட்டிப் பாருங்கள். இரண்டையும் அன்று தனித்தனியாக வாங்கினால் 500 வெள்ளிக்குள் முடிந்திருக்கும். ஒன்றாக வாங்கினால் இரு மடங்கு! அப்பாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் பேச்சை நிறுத்தினார். (அண்ணன் மட்டும் 399 வெள்ளி என்ற வரியைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை.)

இவ்வளவு விலை ஏன்? இரண்டு வட்டையும் படிப்பது ஒரே நீல ஊதா ஒளிக்கதிர்தான். அந்த வகையில் அவை சகோதரர்கள். ஆனால் எச்டி டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, பழைய டிவிடி போலவே. ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். மேற்பரப்புக்கு நெருக்கமாக இருப்பதால் புள்ளிகளை இன்னும் சிறியதாகப் பதிக்கலாம். ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட் கொள்ளும், எச்டி டிவிடியில் 15தான். ஆக, ஒரே கருவி இரண்டு ஆழத்திலும் ஒளியைக் குவிக்க வேண்டும். இரண்டு விதமான மென்பொருளையும் இயக்க வேண்டும். இரண்டு முகாமுக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். பிளஸ், மைனஸ் வட்டுகளுக்கு இடையில் இத்தனை தூரம் இல்லை. ஒரே சிவப்பு ஒளிக்கதிர், ஒரே 4.7 ஜிகாபைட். அதனால் அங்கே சமாதானம் மலிவாகக் கிடைத்தது.

காலம் போகப் போக விலை குறைந்திருக்கும் என்று என் நண்பன் ஒருவன் வாதாடுகிறான். குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது என்ன நடந்திருக்கும்? எல்லார் வீட்டிலும் இரண்டும் ஓடும் பெட்டி இருந்தால், எந்தப் படக்கம்பெனியும் தன் முகாமை விட்டு வெளியே வரக் காரணமே இல்லை. சண்டை ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் தொடரும். அதற்கான செலவை ஒவ்வொரு பெட்டியின் விலையிலும் சேர்த்து நாம் கட்டிக்கொண்டிருப்போம்.

வட்டையே இரண்டாக்கிப் பார்க்கவும் ஒரு முயற்சி நடந்தது. ஒரு பக்கம் ப்ளூ-ரே, மறுபக்கம் எச்டி டிவிடி என்று ஒரே வட்டை வெளியிடப் போவதாக வார்னர் 2007 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் அறிவித்தது. அது கடைக்கே வரவில்லை. கடைசியில் முடிவு கட்டியதும் அதே வார்னர்தான். 2008 ஜனவரி 4ஆம் தேதி இனி ப்ளூ-ரே மட்டும் என்று ஓர் அறிக்கை விட்டது. எச்டி டிவிடி அணி இரண்டு நாளில் நடத்தவிருந்த செய்தியாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. ஒன்றரை மாதத்தில் எல்லாம் முடிந்தது. அந்த ஒரு தாளுக்கு இருந்த பலம் எந்தப் பெட்டிக்கும் இருக்கவில்லை.

முடிந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. எச்டி டிவிடியில் வட்டாரக் குறியீடு கிடையாது. எந்த நாட்டில் வாங்கினாலும் எங்கும் ஓடும். ப்ளூ-ரேயில் நாம் அமெரிக்கா, ஜப்பானோடு ஒரு வட்டாரம், இந்தியா வேறு வட்டாரம். டிவிடியிலும் நாம் 3, இந்தியா 5 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லா வட்டாரத்தையும் ஏற்கும் கருவியைத் தேடி வாங்கும் பழக்கம் அதனால்தான் நம் வீடுகளில் வந்தது. தமிழ்ப் படங்கள் ப்ளூ-ரேயில் வரும் நாளில் இந்தத் தலைவலி திரும்ப வருமோ என்று அப்போது தோன்றியது.

இவ்வளவு சொன்ன பிறகு, இரண்டும் ஓடும் கருவிக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் வேலை சண்டைக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தோற்ற பக்கத்து வட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கருவி ஒருநாள் பழுதாகும். அன்றைக்கு அந்த வட்டுகளை ஓட்டிக் காட்ட ஏதாவது ஒரு பெட்டி வேண்டும். எங்கள் அம்மாவிடம் சிவாஜி, எம்ஜிஆர் படங்கள் விசிடியாக ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அவை இன்னும் உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம், நம் ஊரில் விற்கும் டிவிடி கருவிகள் விசிடியையும் சேர்த்தே ஓட்டுவதுதான். அந்த நாகரிகத்தைத் தயாரிப்பாளர்கள் எச்டி டிவிடிக்கும் சில ஆண்டுகளாவது காட்ட வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அப்பா அம்மாவின் திருமணம் 1984இல் நடந்தது. மாமா ஒருவர் அதை ஒளிநாடாவில் எடுத்துக் கொடுத்தார். அது பீட்டாமேக்ஸ் நாடா. விஎச்எஸ் வென்ற பிறகு எங்கள் வீட்டு பீட்டாமேக்ஸ் கருவி கெட்டுப்போனது, மாற்றுக் கருவி கிடைக்கவில்லை. நாடா மட்டும் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அப்பாயி அதில் நடந்து வருகிறாராம், பந்தியில் யாரையோ அதட்டிப் பேசுகிறாராம். அப்பா சொல்லித்தான் தெரியும். நான் அவர் குரலைக் கேட்டதில்லை.

அப்பா இன்னும் எந்தப் பெட்டியும் வாங்கவில்லை. விலை இறங்கட்டும் என்கிறார். நான் இப்போது வேறொரு பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இன்னும் ஓடும் பீட்டாமேக்ஸ் கருவி இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தின் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கடன் கொடுத்தால் போதும்.