நிறைகுடமாய் ஒரு கணிப்பொறி

மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறி அறிவியல் துறை

 

'நிறைகுடம் தளும்பாது' என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதரைக் குறித்துச் சொன்ன இம்மொழி கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் பட்டதை நீங்களும் பட வேண்டாமே என்ற எண்ணமே இக்கட்டுரை.

எங்கள் வீடு கீரமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. பூ விவசாயம் செய்யும் குடும்பம். முல்லையையும் மல்லிகையையும் பொழுது விடியுமுன் பறித்தாக வேண்டும். ஆகவே அப்பாவும் அம்மாவும் இரவு எட்டரை மணிக்கெல்லாம் படுத்து, மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே கூடம். எல்லோரும் அதிலேதான் உறங்க வேண்டும். எனக்குப் படிப்பறையும் அதுதான்.

பாட்டியின் சங்கிலியை அடகு வைத்த பணத்தில் எனக்கொரு கணிப்பொறி வாங்கினோம். வெளியூர்க் கடை ஒன்றில் அசெம்பிள் செய்து கொடுத்தார்கள். முகப்பு முழுதும் கண்ணாடி. உள்ளே ஏழு வண்ணங்களில் மின்னும் விசிறிகள். விளையாட்டுப் பிரியர்கள் கேட்கும் கிராபிக்ஸ் கார்டு. பார்த்தவுடன் மயங்கிவிட்டேன். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு நிரல் எழுத உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அப்பா பாயிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன்டா தம்பி, மோட்டாரை நிறுத்தலையா?" என்றார். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஓடுவதாக நினைத்துவிட்டார்! விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவரின் உறக்கத்தைக் கெடுத்து நான் என்ன படிப்பது? அன்று அணைத்தவன், பல வாரங்கள் இரவிலே அதைத் தொடவில்லை. அடகுச் சீட்டுக்கு வட்டி ஏறியது. பொறி சும்மா கிடந்தது.

ஓசையில்லாத கணிப்பொறி என்றால் பணக்காரர் ஆடம்பரம் என்று சிலர் கருதுகிறார்கள். நான் அதை மறுக்கிறேன். தனியறை உள்ளவனுக்குத்தான் ஓசை ஒரு பொருட்டல்ல. ஒற்றைக் கூடத்தில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கே அமைதியான பொறி இன்றியமையாத தேவை.

அப்படியொரு பொறியைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? திருக்குறளின் 48-ஆம் அதிகாரம் 'வலியறிதல்'. செய்ய எடுத்த வேலையின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, துணையின் வலிமை என நான்கையும் தூக்கிப் பார்த்த பின்பே இறங்கு என்கிறார் வள்ளுவர். படை நடத்தும் மன்னனுக்குச் சொன்ன இந்த அறிவுரை, கடைக்குப் போகும் மாணவனுக்கும் வழி காட்டும்.

வேலையின் வலிமை

மென்பொருள் எழுதுகிறவனுக்குப் பொறி செய்ய வேண்டிய வேலை எது? நாம் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். பெரிய திட்டமாயின் நூற்றுக்கணக்கான கோப்புகளை அது தனித்தனியே மாற்றும். செயலியில் எட்டு கோர்கள் இருந்தால், நடவு வயலில் எட்டுப் பேர் இறங்கியது போல வேலை பங்காகிவிடும். ஆனால் மாற்றிய துண்டுகளைக் கடைசியில் பிணைக்கும் வேலையை அவ்வளவாகப் பங்கிட முடியாது. ஆகவே கோர்களின் எண்ணிக்கையும் வேண்டும். ஒவ்வொரு கோரின் வேகமும் வேண்டும். ஆறு அல்லது எட்டு கோர் உள்ள நடுத்தரச் செயலி மாணவனுக்குத் தாராளம்.

அடுத்தது நினைவகம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் அதன் எமுலேட்டரும் சேர்ந்து ஓடக் குறைந்தது 16 ஜி.பி. வேண்டும் என்று அதை வெளியிடும் கூகுள் நிறுவனமே கூறுகிறது. என் பொறியில் கடைக்காரர் வைத்ததோ 8 ஜி.பி.!

கிராபிக்ஸ் கார்டு? விளையாட்டு மென்பொருள் செய்பவருக்கும், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுபவருக்கும் அது தேவைதான். திரையிலே எழுத்துகளைக் காட்டுவதற்கு, செயலிக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் போதும். இதிலே ஒரு நுட்பம் உண்டு. செயலியின் பெயர் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதனுள் பயன்படுத்தத்தக்க கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். இதை அறியாமல் நான் வாங்கியது 'எஃப்' செயலி. இரைச்சலிடும் கார்டைக் கழற்றி விற்றுவிடலாம் என்று பின்னர் எண்ணியபோது, அதைக் கழற்றினால் திரையே தெரியாது என்றறிந்து தலையில் கை வைத்தேன். ஓர் எழுத்து அறியாததன் விலை அது!

தன் வலிமை

நம் வலிமை நம் பணப்பைதான். வரவுக்குத் தக்க செலவு என்றால், முதற்செலவு எதற்கு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. என் கருத்தில் நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் முதலிடம், செயலி அடுத்து, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் காற்றோட்டமான பெட்டியும் மூன்றாமிடம். வண்ண விளக்குக்கு இடமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அதனால் உறுமல் எழும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே இல்லை. வேகமும் கிடைக்கிறது, அமைதியும் கிடைக்கிறது.

செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதால், 2025-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் அதன் விலை கடுமையாக ஏறியது. இத்தகைய காலத்தில் நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டை வாங்கி, இரண்டை மட்டும் நிரப்பி, மற்ற இரண்டைப் பின்னாளுக்கு விட்டுவைப்பது விவேகம்.

பகைவன் வலிமை

நம் பகைவர் நால்வர்: வெப்பம், ஓசை, தூசி, மின்தடை. இவர்களில் வெப்பமே மூத்தவன். செயலி உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. வெப்பத்தை வெளியேற்ற விசிறி சுழல்கிறது. விசிறி விரைந்தால் ஓசை எழுகிறது. ஆகவே ஓசையைக் குறைக்க விரும்புகிறவன் வெப்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் பொறியினுள்ளும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். சித்திரை, வைகாசியில் நம் மாவட்டத்து ஓட்டு வீடுகளும் தகரக் கூரைகளும் எப்படித் தகிக்கும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? குளிர்நாட்டில் அமைதியாக ஓடும் பொறி இங்கே அலறலாம்.

செயலியின் மீது எழுதிய வாட் கணக்கை அப்படியே நம்பலாகாது. இன்டெல் கோர் ஐ5-13400 செயலிக்கு அடிப்படை 65 வாட்; முழுமூச்சில் 148 வாட் வரை போகும். ஏ.எம்.டி. ரைசன் 5 7600 செயலிக்கும் குறிப்பு 65 வாட்தான். அது 88 வாட் வரை போகும். பயாஸ் அமைப்பில் இந்த உச்சத்தை நாமே குறைத்து வைக்கலாம். வேகம் ஓரளவே குறையும். வெப்பம் பெரிதும் தணியும்.

விசிறியைப் பற்றி ஓர் எளிய கணக்கு: விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும்; ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். அத்தகைய இரண்டு விசிறிகளை வைத்தால் பழைய அளவு காற்று கிடைத்துவிடும். கூடும் ஓசை 3 டெசிபெல் மட்டுமே. ஆக, அதே காற்றுக்கு 12 டெசிபெல் ஓசை மிச்சம். சிறிய விசிறி வேகமாகச் சுழல்வதைவிடப் பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வது மேல் என்பதும் இதனாலேதான். விசிறி காற்றை இழுக்க வழியும் வேண்டும். முகப்பைக் கண்ணாடியால் மூடிவிட்டு உள்ளே நான்கு விசிறி வைப்பது, சன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறி போடுவது போன்றது. சல்லடை முகப்புள்ள பெட்டியே நமக்கேற்றது. ஆனால் நம் செம்மண் தூசி அதன் வழியே புகும். தூசி வலையும், மாதமொரு முறை தூரிகையால் சுத்தம் செய்யும் பழக்கமும் அதற்கு மருந்து. பெட்டியைத் தரையில் வைக்காமல் முக்காலி மேல் வைப்பதும் நலம்.

எஸ்.எம்.பி.எஸ். கண்ணுக்குத் தெரியாத உறுப்பு. ஆகவே கடைகளில் சிக்கனம் அதில்தான் நடக்கிறது. பொறிக்கு 100 வாட் தேவையென்று கொள்வோம். 80 விழுக்காடு திறனுள்ளது சுவரிலிருந்து 125 வாட் இழுக்கும். 25 வாட் வெப்பமாக வீணாகும். 90 விழுக்காடு திறனுள்ளது 111 வாட் இழுக்கும். வீணாவது 11 வாட்தான். '80 பிளஸ்' என்னும் சான்று இந்தத் திறனைச் சோதித்துத் தரப்படுவது.

மின்தடையைச் சொல்லும்போது, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலை மறக்க முடியுமா? மின்கம்பங்கள் சாய்ந்து, எத்தனை ஊர்கள் நாள் கணக்கில், வாரக் கணக்கில் இருளில் கிடந்தன! அத்தகைய புயலுக்கு யூ.பி.எஸ். ஈடு கொடுக்காது, ஆனால் அன்றாட மின்தடையில் எழுதியதைச் சேமித்து முறையாக அணைக்க அவகாசம் தரும். குறைந்த மின்சாரம் உண்ணும் பொறிக்கு, அதே யூ.பி.எஸ். அதிக நேரம் தாங்கும். அமைதியான பொறி இங்கும் வெல்கிறதல்லவா?

துணையின் வலிமை

நம் துணை மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும்தான். சும்மா கிடந்த என் பொறியைத் திறந்து வழி சொன்னவர் நம் துறையின் மூத்த மாணவர் ஒருவரே. கண்ணாடி முகப்பைக் கழற்றினோம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, நினைவகத்தை 16 ஜி.பி. ஆக்கினோம். பயாஸில் விசிறி வேகத்தைக் குறைத்துவிட்டு, லினக்ஸில் 'சென்சார்ஸ்' என்னும் கட்டளையால் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினோம். பெரும்பாலான மாற்றத்துக்குக் காசே செலவில்லை. அன்றிரவு அப்பா விழிக்கவில்லை.

"அரசு மடிக்கணினி தருகிறதே, இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ ஏழை வீடுகளில் முதன்முதலாகக் கணிப்பொறியைக் கொண்டுவந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என அறிவித்தது. கற்கத் தொடங்க அதுவே போதும். அது இருப்பவர் கடன் பட்டு மேசைக் கணிப்பொறி வாங்க வேண்டியதில்லை என்பதே என் கட்சி. நீண்ட நேரக் கடும் வேலை வந்து, வாங்கியே தீர வேண்டுமென்ற நிலை வரும்போது, உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி வளர்க்கக்கூடிய மேசைக் கணிப்பொறியே சிக்கனம்.

"பெயர்பெற்ற நிறுவனம் பூட்டித் தருவதை வாங்கினால் கவலையில்லை" என்பாரும் உண்டு. உத்தரவாதம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதை வாங்குவதற்கும் உள்ளே இருப்பது என்ன என்று கேட்கத் தெரிய வேண்டுமல்லவா?

ஆகவே துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் கழித்துக் கட்டிய பழைய பொறிகளை, ஆண்டுக்கு ஒரு நாள் எங்கள் முன் திறந்து வையுங்கள். இது செயலி, இது விசிறி, இதன் வேலை இது என்று கழற்றிப் பூட்டச் செய்யுங்கள். மென்பொருள் கற்கும் நாங்கள், அது ஓடும் உடம்பையும் அறிய வேண்டாமா?

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். மிதிவண்டி அவர்களைத் தம் சொந்தக் காலில் நிற்க வைத்தது. அந்த மண்ணின் பிள்ளைகள் நாம். கடையின் ஒளிவிளக்கைக் கண்டு மயங்காமல், நம் வேலைக்கும் வீட்டுக்கும் ஏற்றது எது என்று நாமே தேர்ந்தெடுக்கக் கற்றால், அடகுக் கடைக்குப் போன சங்கிலிக்கும் அது நாம் செய்யும் மரியாதையாகும்.